அரவைப் பேச்சு

நெடுங்கரிசலில் அரவை நடக்கும் செவ்வாயும் வெள்ளியும் யாரும் யாரையும் என்னவும் சொல்லலாம், சொன்னது எதுவும் மறுநாள் செல்லாது என்று ஒரு வழக்கம் ஊன்றிப் பல வருஷம் ஆன பிறகுதான், அந்த ஊர் மல்லி எண்ணெய் ஆலையில் வேலுத்தாயின் வலதுகை விரல்கள் மூன்று போயின. விரல் போனதை ஊர் சீக்கிரமே மறந்தது. வழக்கத்தை மறக்கவில்லை.

வழக்கம் வந்த விதம் இது. கொத்தமல்லி அழுத்தமான விதை. முழுசாக அண்டாவில் கொட்டி நாள் பூரா ஆவி காட்டினாலும் உள்ளே வைத்திருப்பதை விட்டுக்கொடுக்காது. தோல் உடைய வேண்டும். இரண்டாகவோ நான்காகவோ உடைந்தால் போதும், எண்ணெய் ஆவியோடு ஏறி, குழாயில் குளிர்ந்து இறங்கி, தண்ணீரின் மேல் கண்ணாடி போல மிதந்து நிற்கும். ஆலையை விலைக்கு வாங்கிய குணசீலன் அண்ணாச்சி, நான்காக உடைத்தால் இவ்வளவு என்றால் நாற்பதாக உடைத்தால் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டு, அரவை எந்திரத்தில் துணி மாதிரி நெருக்கமான சல்லடை ஒன்றை மாட்டச் சொன்னார். சல்லடை நெருங்கியதும் விதை உள்ளே இறங்க மறுத்துத் தொண்டையில் அடைத்துக்கொண்டது. அடைத்ததைக் கையால் தள்ளுவதற்குத் தோதாக எந்திரத்தின் வாய்மேல் இருந்த காவல் தகட்டைக் கழற்றச் சொன்னார். எந்திரம் தோசைக்கல்லாகக் காய்ந்தது. உள்ளே சுழன்ற மல்லி அரைபடுவதற்கு முன்னாலேயே பாதி வறுபட்டு, அண்டாவுக்குப் போய்ச் சேர வேண்டிய மணத்தை எந்திரத்திலேயே கக்கிவிட, அந்த மணம் ஜன்னல் வழியாகவும் ஓட்டுச் சந்து வழியாகவும் வெளியேறி ஊர்மேல் இறங்கியது. இறங்கிய இடமெல்லாம் ஜனங்களுக்குக் கோபம் வந்தது.

ஏன் வந்தது என்று யாரும் ரொம்ப யோசிக்கவில்லை. மாசி வெயிலில் மல்லி பிடுங்கிய பொம்பளைகள் வாய்க்குள் முனகியதெல்லாம் விதைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது என்றார்கள் சிலர், கரிசல் வெடிப்பின் காந்தல் என்றார்கள் சிலர், அதோடு விட்டுவிட்டார்கள். மழை ஏன் பெய்யவில்லை என்று யோசித்தே அலுத்துப்போன ஊர் அது.

முதல் நாள் தபால்காரர் பையை நடுத்தெருவில் கவிழ்த்துவிட்டு, அவரவர் சங்கதியை அவரவரே பொறுக்கிக்கொள்ளுங்கள் என்று போய்விட்டார். பூசாரி அம்மன் முன்னால் நின்று, இத்தனை காலம் விளக்குப் போட்டேனே, ஒருநாளாவது, சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்டாயா என்று கதவைப் படாரென்று சாத்தினார். கல்யாணமாகி வந்த நாள் முதல் தலை நிமிராமல் சோறு போட்ட ஒருத்தி, மாமியார் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் தேதிவாரியாக எடுத்துப் புருஷன் இலையில் பரிமாறினாள். சாயங்காலம் எந்திரம் நின்று மணம் அடங்கியதும் ஊரே கூச்சத்தில் கதவடைத்துக்கொண்டது. மறுநாள் காலை டீக்கடை பொன்னுச்சாமி ஒரு துண்டு கருப்பட்டியை எடுத்துக்கொண்டு, முந்தின நாள் தான் வாய்க்கு வந்தபடி ஏசிய பக்கத்துக் கடைக்காரரிடம் போய், "அரவைப் பேச்சு அண்ணே" என்று நீட்டினார். அவர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "அரவையோட போச்சு தம்பி" என்றார். அன்றிலிருந்து அதுவே சட்டம். நீட்டியவர் நீட்ட வேண்டும், வாங்கியவர் வாங்க வேண்டும், வாங்கியதும் சொன்ன சொல் சொல்லாத சொல்.

ஊர் அதைச் சுற்றித் தன்னைத் திருத்திக்கொண்டது. செவ்வாயிலும் வெள்ளியிலும் சவரம் செய்வதில்லை என்று முடிதிருத்தும் கடையில் பலகை தொங்கியது. பெண் பார்க்க வருகிறவர்களை வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். சொத்துத் தகராறுக்காரர்கள் முந்தின நாளே போய் எதிராளியிடம், நாளைக்கு வீட்டில்தானே இருப்பீர்கள் என்று மரியாதையாகக் கேட்டுவைத்துக்கொண்டார்கள். வருஷக்கணக்கில் முகம் பாராதிருந்த அண்ணன் தம்பிகள் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஆலைச் சுவரோரம் வந்து நின்று ஆசை தீரத் திட்டிக்கொண்டு, அதை ஒரு உறவாக வைத்துக்கொண்டார்கள். கிழக்கே காற்றடித்தால் மட்டும் கொஞ்சம் சிக்கல். மணம் கீழத்தெருப் பக்கம் போகும். கீழத்தெரு ஆட்கள் மேலத்தெருவுக்கு வந்து, காலம் காலமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்பார்கள். மறுநாள் கருப்பட்டியும் அவர்கள்தான் கொண்டுவர வேண்டும். மேலத்தெரு திட்டியதற்கு மேலத்தெருவிலிருந்து ஒரு துண்டும் கீழே இறங்கியதில்லை. அதையும் ஊர் வழக்கம் என்றே சொன்னது.

ஆலைக்குள்ளும் அதேதான். எந்திரம் ஓடும்போது கூலி ஆட்கள் அண்ணாச்சியைப் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்து ஏசுவார்கள். அவர் ஏசி போட்ட கண்ணாடி அறைக்குள் கதவை இறுக்கிச் சாத்திக்கொண்டு, வாய்கள் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். மறுநாள் வாசலில் கருப்பட்டியோடு வரிசை நிற்கும். ஒவ்வொரு துண்டாக வாங்கி, சிரித்த முகத்தோடு, "அரவையோட போச்சுப்பா, போய் வேலையப் பாரு" என்பார். மாவாக அரைப்பதால் எண்ணெய் குறைகிறது என்று மேஸ்திரி லட்சுமணப்பெருமாள் ஒருமுறை தயங்கித் தயங்கிச் சொன்னதற்கு அண்ணாச்சி, "போறது போகட்டும் மேஸ்திரி, வேற ஆலையில எல்லாம் கொடி பிடிக்கிறான், நம்ம ஆலையில கருப்பட்டி பிடிக்கிறான், எது லாபம் நீயே சொல்லு" என்றார். மேஸ்திரி எதுவும் சொல்லவில்லை. அன்று திங்கட்கிழமை.

வேலுத்தாய் எந்திரத்தின் வாயில் உட்கார்ந்து மல்லி தள்ளுகிறவளாக இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை தள்ளிய கை திரும்பி வரும்போது குறைந்து வந்தது. அவள் தூங்கி விழுந்து கையை விட்டுவிட்டாள் என்று ஆலை சொன்னது, ஆலை சொன்னதை ஊர் சொன்னது, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி வரைக்கும், தூக்கம் பொல்லாததும்மா என்றாள். கட்டு அவிழ்த்து வந்தவளுக்கு முற்றம் கூட்டும் வேலை கொடுத்தார்கள். அவள் இடத்தில், புதுசாகக் கல்யாணமாகி வந்த பவுன்தாய் என்ற பெண்ணை உட்கார வைத்தார்கள். தகடு இல்லாத அதே வாய். வளையல் போட்ட புதுக் கை.

வேலுத்தாய்க்குக் கோபம் வந்தது. வந்தது போகவில்லை. மற்றவர்களுக்கு எந்திரம் நின்றதும் கோபமும் நின்றது. இவளுக்குச் சனிக்கிழமை விளக்குமாற்றைப் பிடிக்கும்போதும் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை இடதுகையால் சோற்றைப் பிசைய முடியாமல் வலதுகையால் பிசையப் போய் சிந்தும்போதும் இருந்தது. இது என்னுடையதா, மல்லியுடையதா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. இத்தனை வருஷம் எந்திரத்தின் வாயருகில் முகத்தை வைத்து இழுத்த மூச்செல்லாம் உள்ளே தங்கிப்போய், அதுதான் இப்படிக் காந்துகிறதோ, நான் என்று நான் நினைப்பதில் எவ்வளவு நான், எவ்வளவு அரவை என்று விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு யோசிப்பாள். பார்த்துவிடுவோம் என்று வேம்பாரில் வாக்கப்பட்டிருந்த தங்கச்சி வீட்டுக்குப் போய்த் தங்கினாள். அங்கே கடலும் கருவாடும் உப்பும்தான் மணத்தன. மூக்கு கழுவி விட்ட மாதிரி ஆனது. ஒருநாள் காலை தங்கச்சி மீன் அறுத்துக்கொண்டே, "தூக்கத்துல கை போச்சுன்னாங்களே, ராத்திரி நல்லாத் தூங்கியிருக்கலாம்ல அக்கா" என்று பாசமாகத்தான் கேட்டாள். கேட்ட மாத்திரத்தில் வேலுத்தாயின் அடிவயிற்றிலிருந்து அது எழும்பி வந்தது, ஒரு மல்லி வாசமும் இல்லாமல், சுத்தமாக. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, இது என்னுடையதுதான். அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினாள்.

திரும்பிய வாரம் அண்ணாச்சி அறையின் ஏசி கெட்டுப்போயிருந்தது. கதவைத் திறந்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை. எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, அடுத்த தெருவில் யாரோ யாரையோ பானை உடைய ஏசுவது கேட்டது. பவுன்தாய் அடைத்த மல்லியைக் கையால் குத்தித் தள்ளுவதைப் பார்த்த வேலுத்தாய், "ஏ பவுனு, கைய உள்ள விடாத. அந்தக் கட்டைய எடுத்துத் தள்ளு" என்றாள்.

"கட்டையால தள்ளுனா இன்னைக்கு மூட்ட தீராது" என்று அறையிலிருந்து எழுந்து வந்தார் அண்ணாச்சி. மணம் அவர் மூக்கில் ஏறியிருந்தது; காது மடல் சிவந்திருந்தது. "தூங்கி விழுந்து கைய விட்டவ, இவ வந்து பாடம் நடத்துறா."

"நான் தூங்கல அண்ணாச்சி. தகடு இருந்தா தூங்கியிருந்தாலும் கை போயிருக்காது. அதக் கழத்துனது யாரு?"

"நான்தான் கழத்தச் சொன்னேன். என் மிஷினு, என் தகடு. அது இருந்தா மூட்ட எறங்க எம்புட்டு நேரமாகும்னு ஒனக்குத் தெரியுமா? நீ தூங்கலன்னும் எனக்குத் தெரியும். அதுக்கு என்னங்கிற? மூணு வெரலுக்கு ஆலைய நிறுத்தவா?"

எல்லோரும் கேட்டார்கள். பவுன்தாய் கேட்டாள், மேஸ்திரி கேட்டார், மூட்டை இறக்க வந்த ஆட்கள் கேட்டார்கள், ஆலைக்கு டீ கொண்டுவந்த பொன்னுச்சாமி தூக்குவாளியோடு நின்று கேட்டார். கேட்டுவிட்டு அவரவர் கோபத்தில் அவரவர் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை மேஸ்திரி அவள் வீட்டுக்கு வந்தார். துண்டு அல்ல, முழுக் கருப்பட்டி வட்டு, காகிதத்தில் சுற்றி. ஆலை முதலாளி வீட்டிலிருந்து ஒரு கூலி வீட்டுக்குக் கருப்பட்டி வருவது அதுதான் முதல் தடவை என்பதால் தெருவே வாசலுக்கு வந்திருந்தது.

"அண்ணாச்சி குடுத்துவிட்டாரு தாயி. அரவைப் பேச்சு."

வேலுத்தாய் அதை வாங்கவில்லை. "போகல" என்றாள்.

மேஸ்திரிக்குப் புரியவில்லை. இன்னொரு தரம் நீட்டினார். "அரவைப் பேச்சு தாயி."

"கேட்டுச்சு மேஸ்திரி. போகல. கொண்டு போங்க."

அந்த ஒரு சொல் ஊரில் இறங்கிய மாதிரி எந்த மணமும் இறங்கியதில்லை. அண்ணாச்சியைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. ஒருத்தி வாங்க மறுக்கலாம் என்றால், இதுவரை வாங்கியதும் கொடுத்ததும் என்ன ஆகும் என்பதுதான் கவலை. பத்திரமாகச் செத்துக் கிடந்த சொற்கள் ஒவ்வொன்றும் எழுந்து உட்கார்ந்துகொண்டால் எந்த வீட்டில் யார் யாரோடு படுப்பது, எந்தக் கல்யாணத்துக்கு யார் போவது, யார் பாடையை யார் தூக்குவது. டீக்கடையில் பொன்னுச்சாமி பாய்லரைத் தட்டிக்கொண்டே, "ஊர்ல எல்லாருக்கும் நாக்கு இருக்கு. இவளுக்கு மட்டுந்தான் காது இருக்காக்கும்" என்றார்.

நாத்தனார் பூரணம் வந்தாள். "ஏன் மதினி, நான் ஒன்ன என்னென்னமோ சொல்லியிருக்கேன். நீ என்னச் சொன்னதும் இருக்கு. எல்லாத்தையும் திரும்ப எடுத்தா குடும்பம் தாங்குமா?"

"தாங்கலன்னா போகட்டும்."

"ஒனக்குத் திமிரு. வெரலு போயும் அது போகல."

"இன்னைக்கு சனிக்கெழம மதினி. நீ இப்ப சொன்னது செல்லும், தெரியும்ல?"

பூரணம் வாயைக் கையால் பொத்திக்கொண்டு போனாள்.

புருஷன் சீனிச்சாமி இரண்டு நாள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டே முதுகைக் காட்டியபடி கேட்டான். "அன்னைக்கு ஒருநா நான் சொன்னேன்ல, இந்தக் கையோட நீ எனக்கு என்னத்துக்குன்னு. மறுநா கருப்பட்டி தந்தேன். நீ வாங்கிக்கிட்ட."

"வாங்குனேன்."

"அது போயிருச்சுல்ல?"

வேலுத்தாய் அவன் முதுகைப் பார்த்தாள். பொய் சொல்லலாம் என்று நினைத்தாள். இத்தனை வருஷம் கூட இருந்த முதுகு. "அதுவும் போகல" என்றாள். அவன் கட்டிய குழையை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

குணசீலன் அண்ணாச்சி வேறு விதமாக யோசித்தார். ஊர் கோபப்பட்டு மறப்பது அவருக்கு லாபம். ஒருத்தி கோபப்பட்டு மறக்காமலிருந்தால், நாளை இரண்டு பேர், மறுநாள் பத்துப் பேர். அப்படியென்றால் மணமே வேண்டாம். கோயம்புத்தூரிலிருந்து எண்ணெய் வடிப்பதில் கைதேர்ந்த ஒருவரைக் காரில் வரவழைத்தார். அவர் மாவை இரண்டு விரலால் தேய்த்து, எந்திரத்தைத் தொட்டுச் சூடு பார்த்து, அண்டா மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். இவ்வளவு நைசாக அரைத்தால் சூடு ஏறும், சூட்டில் எண்ணெய் இங்கேயே பறந்துவிடும்; மிச்சம் இருப்பதும் அண்டாவுக்குள் களியாக இறுகிக்கொள்ளும், ஆவி அதில் ஒரே ஒரு பொத்தலைப் போட்டுக்கொண்டு அது வழியாக மேலே ஓடிவிடும், சுற்றியிருக்கும் மாவைத் தொடக்கூடத் தொடாது. நொய்யாக உடையுங்கள், எந்திரத்தைச் சூடேற விடாதீர்கள், உடைத்ததைத் தரையில் போட்டு வைக்காமல் உடனே அண்டாவில் கொட்டி மூடுங்கள். போட்டு வைத்தால் அதுவும் பறக்கும்.

சல்லடை மாறியது. தகடு மட்டும் வரவில்லை. இப்போது மாட்டினால் முன்பு அது இல்லை என்று ஆகிவிடும் என்பதை அண்ணாச்சி தெரிந்து வைத்திருந்தார். முன்னைவிட வேகமாக இறங்குகிறதே என்று மூட்டைகளைத்தான் கூட்டினார். பவுன்தாயின் கை முன்னைவிட வேகமாகப் போய் வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஊர் வழக்கம்போல் தயாராக இருந்தது. சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிவைத்துக்கொண்டு அவரவர் வாசலில் நின்றார்கள். எந்திரச் சத்தம் கேட்டது. மணம் வரவில்லை. அண்ணன் தம்பிகள் ஆலைச் சுவரோரம் எதிரெதிரே நின்று, ஒருவர் கழுத்தை ஒருவர் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, வெயில் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுப் பிரிந்தார்கள். பூசாரி அம்மனுக்குப் பேசாமல் விளக்குப் போட்டார். மணமில்லாமல் சொன்னால் செல்லும் என்று தெரிந்ததும் ஒரு வாயும் திறக்கவில்லை. அடுத்த வெள்ளியும் அப்படியே போனது, அதற்கடுத்ததும். மருந்துக்கடையில் வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை தீர்ந்தது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் சத்தம் தெருவில் நடந்தால் கேட்டது. ஆலையில் எண்ணெய் கூடுதலாக இறங்கியது. பீப்பாய்களை மூடிய தட்டுகள் உள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல் சில சமயம் டொக் டொக்கென்று சத்தம் போட்டன. அண்ணாச்சி ஏசியை ரிப்பேர் பார்க்கவே இல்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அமைதியை அனுபவித்தார்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, நடுப்பகலில், பவுன்தாயின் ரவிக்கைக் கை எந்திரத்துக்குள் போனது. அவள் கத்தவில்லை, மூச்சை உள்ளே இழுத்த சத்தம்தான் கேட்டது. விளக்குமாற்றை எறிந்துவிட்டு ஓடிய வேலுத்தாய் மின்சாரச் சுவிட்சை இடதுகையால் அறைந்து இறக்கினாள். துணி தோள்வரை கிழிந்து உள்ளே போயிருந்தது. கை வெளியே இருந்தது. ஐந்து விரலும் இருந்தன. பவுன்தாய் ஒவ்வொன்றாக மடக்கி மடக்கிப் பார்த்தாள்.

சத்தம் நின்றதும் அண்ணாச்சி வந்தார், மேஸ்திரி வந்தார், எந்திரம் ஏன் பாதியில் நின்றது என்று கேட்டைத் தாண்டி ஊர் வந்தது. எந்திரத்தின் அடியில், அண்டாவுக்குப் போகாமல், உடைத்த மல்லி முழங்கால் உயரம் குவிந்து கிடந்தது.

"அண்ணாச்சி, இந்தத் தகடு" என்று ஆரம்பித்தாள் வேலுத்தாய்.

அவர் சத்தம் போடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "பேசு தாயி. நிதானமாப் பேசு. என்ன அவசரம். ஏ பொன்னுச்சாமி, எல்லாருக்கும் டீ குடு. ஒக்காருங்கப்பா எல்லாரும்" என்றார்.

இது என்ன புதுசாக இருக்கிறது என்று அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. குவிந்து கிடந்த மல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவள் மூக்கில் அது லேசாகத் தட்டியது. உடைத்த மல்லி, கிடக்கக் கிடக்க விட்டுக்கொண்டிருந்தது. மேஸ்திரியின் தாடை இறுக ஆரம்பித்திருந்தது. பொன்னுச்சாமி கிளாஸை வைத்த வேகத்தில் டீ தெறித்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் போதும், இந்த முற்றமே கத்தும், கத்தியதெல்லாம் அரவைப் பேச்சாகும், நாளைக் காலையில் பவுன்தாய் வீட்டுக்கும் ஒரு முழு வட்டு வரும். அவர் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு அதற்காகத்தான் காத்திருந்தார்.

வேலுத்தாய் வாயை மூடிக்கொண்டாள். உள்ளே எழும்பியதைப் பல்லால் பிடித்தாள். அவள் வாழ்க்கையில் தூக்கிய எந்தச் சுமையும் அவ்வளவு கனத்ததில்லை.

"பவுனு, கூடைய எடு" என்றாள்.

"என்னக்கா?"

"மொதல்ல வேலைய முடிப்போம். எல்லாத்தையும் அள்ளு."

பவுன்தாய் கிழிந்த ரவிக்கையோடு அள்ளினாள். மற்ற பொம்பளைகளும் வந்தார்கள், கூடை கூடையாக மல்லி அண்டாவுக்குப் போனது. அண்ணாச்சி, "இருக்கட்டும் தாயி, பேசிட்டு அள்ளலாம்" என்றார். யாரும் நிற்கவில்லை. தரையை வழித்தார்கள். இடுக்கில் கிடந்ததைக் கோழி பொறுக்குவதுபோல் பொறுக்கினார்கள். அண்டா மூடியைச் சாத்தி மறையாணிகளை ஒவ்வொன்றாக முறுக்கினார்கள். வேலுத்தாய் நனைந்த சாக்கு ஒன்றை எடுத்துப் போய் எந்திரத்தின் வாய்க்குள் திணித்தாள். முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்துக் கூட்டினாள். கண்மாய்ப் பக்கத்து ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். காற்று உள்ளே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, வெறும் தண்ணீர் வாசத்தை வைத்துவிட்டுப் போகும்வரை எல்லோரும் நின்றார்கள். மேஸ்திரியின் தாடை தளர்ந்தது.

பிறகு அவள் வந்து ஸ்டூலுக்கு முன்னால் நின்றாள். "அண்ணாச்சி, நீங்கதான் தகட்டக் கழத்தச் சொன்னீங்க. நான் தூங்கலன்னு ஒங்களுக்குத் தெரியும்னும் சொன்னீங்க. அது ரெண்டையும் இப்பச் சொல்லுங்க."

"நான் எப்பச் சொன்னேன்? எவன் கேட்டான்?" அண்ணாச்சி சுற்றிலும் பார்த்தார். "கேட்டவன் சொல்லட்டும். இன்னைக்குச் சொன்னா செல்லும், அது ஞாபகமிருக்கட்டும்."

மேஸ்திரி தரையைப் பார்த்தார். பொன்னுச்சாமி காலி கிளாஸ்களை எண்ணினார். வேலுத்தாய் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும் என்று எதிர்ச் சுவரைப் பார்த்தாள். இந்த ஊர் பேசாது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும், பேசாவிட்டாலும் இது என்னிடம் இருக்கும் என்றும் தோன்றியது.

"நான் கேட்டேன்" என்றாள் பவுன்தாய். விரல்களை இன்னும் மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு வெரலுக்கு ஆலைய நிறுத்தவான்னு கேட்டாரு. நான் கேட்டேன்."

மூட்டைக்காரர்களில் ஒருவன், "நானும்" என்றான். பொன்னுச்சாமி கிளாஸ்களைக் கீழே வைத்துவிட்டு, "டீ குடுத்துக்கிட்டு நின்னேன். கேட்டுச்சு" என்றார். மேஸ்திரி நிமிர்ந்தார். "கழத்துனது நான். அண்ணாச்சி சொல்லிக் கழத்துனேன். கையெடுத்துக் கும்பிட்டு வேணாம்னு சொல்லியிருக்கணும், சொல்லல" என்றார். யாரும் குரலை உயர்த்தவில்லை. கேட்டோரம் நின்ற சீனிச்சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "நான் அன்னைக்கு இங்க இல்ல. எதையும் கேக்கல" என்றான். "ஆனா அவ தூங்கியிருக்க மாட்டா. இவ பகல்ல கண்ணசந்து நான் பாத்ததில்ல. கட்டுனவன் சொல்றேன்."

குணசீலன் அண்ணாச்சி ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். முகம் கறுத்து வீங்கியது. "எல்லாரும் சேந்துக்கிட்டீங்களா? ஆமா, நான்தான் கழத்தச் சொன்னேன். அதுக்கென்னங்கிறீங்க இப்ப? கெழவி ஒருத்தி கை போனா என்ன, கொமரி ஒருத்தி கை போனா என்ன, எனக்கு மூட்ட எறங்கணும். என் சோத்தத் தின்னுட்டு என் ஆலையில நின்னு என்னையே..."

நிறுத்தினார். தன் குரல் சுவரில் மோதித் திரும்பி வருவதைக் கேட்டார். முற்றம் அமைதியாக இருந்தது. அவர் மட்டும்தான் கத்திக்கொண்டிருந்தார்.

அவர் மணத்தைத் தேடி மூக்கை உயர்த்தினார். ஒரு பக்கம் திரும்பி இழுத்தார், இன்னொரு பக்கம் திரும்பி இழுத்தார். அண்டா மூடியருகே போய், குனிந்து, மறைக்கு மறை முகர்ந்தார். எந்திரத்தின் வாயில் செருகியிருந்த நனைந்த சாக்கை முகர்ந்தார். தன் கைகளை முகர்ந்தார். நாய்க்குட்டி மாதிரி முற்றத்தின் மூலைமூலையாகப் போய்ப் போய் இழுத்தார். கழுவிய சிமெண்டுத் தரையும் கண்மாய்க் காற்றும்தான் இருந்தன. ஊர் வழிவிட்டு நின்று அவர் முகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வேலுத்தாயின் கோபம் அப்படியே இருந்தது. கொஞ்சமும் குறையவில்லை, அதை இனி யாருக்காகவும் குறைக்கப் போவதுமில்லை. அவர் ஒரு சுற்றுச் சுற்றித் தன் பக்கம் வரும்வரை பொறுத்திருந்து, சாதாரணமாக, கடையில் ஒரு சாமான் கேட்பதுபோல் கேட்டாள்.

"தகட்ட எப்ப மாட்டுறீங்க அண்ணாச்சி?"